கடம்பின் தூரத்து உறவு

காஞ்சிபுரம் குமரகோட்டத்து முருகனுக்குக் கடம்பு உகந்தது என்பது தெரிந்ததுதான். கடம்ப மரமும் காபிச் செடியும் ஒரே தாவரக் குடும்பம் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். ரூபியேசி என்ற அந்தக் குடும்பம் காஞ்சி வட்டாரத்துக்குப் பழக்கமானது. வேலியோரம் தானாக முளைக்கும் நுணா இந்தக் குடும்பம். செயற்கைச் சாயம் வருவதற்கு முன்னால் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளுக்குச் சிவப்பு தந்த சாயவேரும் இதே குடும்பம். மலேரியாவுக்காக வெள்ளைக்கார அரசு நீலகிரியில் பயிரிட்ட சின்கோனாவும் அப்படித்தான். காஃபீன், குயினைன், அலிசரின் என்று மனிதனுக்கு வேண்டிய எத்தனையோ வேதிப்பொருள்களை இலையிலும் பட்டையிலும் வேரிலும் உருவாக்கி வைத்திருக்கும் குடும்பம் இது.

இதில் ஒரு மரம் நம் ஊரில் வளர்வதில்லை. தாய்லாந்தின் தெற்கிலும், மலேசியாவின் வடமாநிலங்களிலும், இந்தோனேசியக் காடுகளிலும் ஈரமண்ணில் ஓங்கி வளரும் மித்ராகைனா ஸ்பீசியோசா. கடம்புக்கு இருப்பது போலவே இதற்கும் பந்து பந்தாகப் பூக்கும் பூ. நிறம் மஞ்சள். இலை அகலமானது, பளபளப்பானது, கடுங்கசப்பானது. தாய்லாந்தில் கிரேட்டம் என்கிறார்கள். மலேசியாவில் கெத்தும், சில இடங்களில் பியாக். ஹெராயினை நிறுத்தியவருக்கு வரும் உடல் வேதனையை இந்த இலை தணிக்கும் என்ற பேச்சு பினாங்கிலிருந்து அமெரிக்கா வரை பரவியிருக்கிறது.

அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. அந்த உண்மையின் அளவு என்ன, போதையில் சிக்கிய பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு தவிக்கும் ஒரு குடும்பத்துக்கு அது எதுவரை உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

*

முதலில் அந்த வேதனை. அது கொட்டாவியில் தொடங்குகிறது. கடைசியாக ஹெராயின் எடுத்து எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தூக்கமே இல்லாத கொட்டாவிகள் அடுத்தடுத்து வருகின்றன. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிகிறது. வியர்க்கிறது, உடனே குளிர்கிறது, உடம்பெல்லாம் மயிர் சிலிர்க்கிறது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உச்சம். வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள்ளிருந்தே கிளம்புவது போன்ற வலி. படுத்தால் கால்கள் தாமாக உதைத்துக்கொள்கின்றன. ஐந்து முதல் பத்து நாட்களில் உடல் ஓரளவு அடங்கிவிடும். தூக்கமின்மையும் மனச்சோர்வும், மறுபடி ஒருமுறை எடுத்தால் என்ன என்ற ஏக்கமும் மாதக்கணக்கில் நீடிக்கும்.

இதை மருத்துவர்கள் விலகல் அறிகுறிகள் என்கிறார்கள். வார்டில் சுருக்கமாக வித்ட்ராயல். நல்ல மருத்துவமனையில் இதை அளந்து எழுதுவார்கள். பதினோரு அம்சங்கள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. செவிலியர் நாடி பிடித்து எண்ணுகிறார். டார்ச் அடித்துக் கண்மணி எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்க்கிறார். நோயாளியின் முன்கையில் விரலை ஓட்டி மயிர்சிலிர்ப்பு தட்டுப்படுகிறதா என்று கவனிக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போது எத்தனை கொட்டாவி வந்தது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 36ஐத் தாண்டினால் கடுமையான நிலை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நடிப்பு என்றும் பிடிவாதம் என்றும் சொல்லும் ஒன்றை எண்ணாக எழுதிவிட முடியும் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாகத் தெரிகிறது. கண்மணியை யாராலும் நடிப்புக்காக விரித்துக்காட்ட முடியாது.

உள்ளே நடப்பது இது. ஹெராயின் உடலுக்குள் போனதும் மார்ஃபினாக மாறுகிறது. நரம்பணுக்களின் மேற்பரப்பில் மியூ ஏற்பி என்ற புரதம் இருக்கிறது. நம் உடல் தானே சுரக்கும் எண்டார்ஃபின்களுக்காக அமைந்த அந்த இடத்தில் மார்ஃபின் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்றொரு சின்ன நரம்பணுக் கூட்டம் உண்டு. விழிப்பையும் படபடப்பையும் இதயத் துடிப்பையும் நார்அட்ரினலின் வழியாக முடுக்கிவிடுவது அதன் வேலை. மார்ஃபின் அதை அமுக்குகிறது. நாள் தவறாமல் அமுக்கப்படும்போது அந்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை. சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறைக் கூடுதலாகத் தயாரித்து எதிர்ப்பக்கம் இழுக்கத் தொடங்குகின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் ஓர் அணி திடீரென்று கயிற்றை விட்டுவிட்டால் மற்ற அணி எப்படி மல்லாந்து விழுமோ, அதுபோல மருந்து நின்ற மறுநாள் நார்அட்ரினலின் கட்டுக்கடங்காமல் பாய்கிறது. வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் அங்கிருந்து வருபவை. குடலிலும் இதே ஏற்பிகள் உண்டு. அதனால்தான் போதையில் இருக்கும்போது மலச்சிக்கல், விட்டபிறகு வயிற்றுப்போக்கு.

இதில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை. காஞ்சிபுரத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. இந்த ஊரில் பிறந்த அண்ணா புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3ஆம் தேதி இறந்தார். அவர் பெயரில் அரசு நடத்தும் புற்றுநோய் மருத்துவமனை காரப்பேட்டையில் இருக்கிறது. முற்றிய புற்றுநோயின் வலிக்கு மார்ஃபின்தான் உலகமெங்கும் அடிப்படை மருந்து. அது நோயாளிகளுக்குத் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே நாடாளுமன்றம் 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியது. வலிக்காக மாதக்கணக்கில் மார்ஃபின் சாப்பிட்ட எழுபது வயதுப் பாட்டிக்கு அதைத் திடீரென்று நிறுத்தினால், பாலத்தடியில் பவுடர் இழுத்த பையனுக்கு வரும் அதே கொட்டாவி, அதே மயிர்சிலிர்ப்பு, அதே வயிற்றுப்போக்கு வரும். அதனால்தான் மருத்துவர்கள் படிப்படியாகக் குறைக்கிறார்கள். பாட்டியை யாரும் திட்டுவதில்லை. பையனைத் திட்டுகிறோம்.

*

ஒரு போதையை விடுவிக்க இன்னொன்றைக் கொடுப்பது பழைய வழக்கம், பெரும்பாலும் சோக வழக்கம். அபினிலிருந்து விடுவிக்க மார்ஃபின் பரிந்துரைக்கப்பட்டது. மார்ஃபினிலிருந்து விடுவிக்கக் கோகெயின் உதவும் என்று 1884இல் நம்பியவர் சிக்மண்ட் ஃபிராய்ட். அவர் நண்பர் எர்ன்ஸ்ட் ஃபிளைஷ்ல் இரண்டுக்கும் அடிமையாகி அழிந்தார். 1874இல் லண்டனில் ஆல்டர் ரைட் முதன்முதலாக உருவாக்கிய ஹெராயினை, பேயர் நிறுவனம் 1898இல் இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மார்ஃபின் பழக்கத்துக்கு அது மாற்று என்றும் அப்போது சிலர் நம்பினார்கள்.

கெத்தும் இலை இந்த வரிசையில் வந்து சேர்ந்தது மலாயாவில். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ஹென்றி ரிட்லி, அபின் பழக்கத்துக்கு மாற்றாக இந்த இலை பயன்படுவதை 1897இல் பதிவு செய்தார். மலாயாவில் ரப்பர் பயிரிடும்படி தோட்ட முதலாளிகளை ஓயாமல் வற்புறுத்தியவர் இதே ரிட்லி. அந்த ரப்பர் தோட்டங்களுக்குத்தான் தமிழகத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். தமிழர்கள் பால் வெட்டிய ரப்பரும் இந்தக் கசப்பு இலையும் ஒரே ஆளின் குறிப்பேட்டில் அக்கம்பக்கமாக இருந்தன என்பது எனக்கு மறக்க முடியாத செய்தி.

அதே காலத்தில் மலாயாவில் இன்னோர் இலை பெரும் பரபரப்பைக் கிளப்பியது. 1906, 1907 வாக்கில் கோம்ப்ரீட்டம் சுண்டாய்க்கம் என்ற கொடியின் இலையை வறுத்துக் காய்ச்சிய கஷாயம் அபினை ஒழித்துவிடும் என்று சொல்லி, சுரங்கத் தொழிலாளர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிடும் முறையைக் கவனியுங்கள். கஷாயத்தை இரண்டு புட்டிகளில் நிரப்ப வேண்டும். முதல் புட்டியில் அபினைக் கலக்க வேண்டும். முதல் புட்டியிலிருந்து ஒரு வேளை குடித்ததும், இரண்டாம் புட்டியிலிருந்து அதே அளவு எடுத்து முதல் புட்டியை நிரப்ப வேண்டும். இப்படியே போனால் ஒவ்வொரு வேளையும் அபின் சிறிது சிறிதாக நீர்த்துக்கொண்டே வரும். குணம் தெரிந்தவர்களுக்கு அந்தக் குணத்தைத் தந்தது அநேகமாக இந்தக் கணக்குத்தான். இலையில் சொல்லும்படியான சரக்கு எதுவும் அகப்படவில்லை, பரபரப்பும் அடங்கிவிட்டது. ஆனாலும் போதையை ஒரேயடியாக அறுக்காமல் படிப்படியாகக் குறைக்கலாம் என்ற இன்றைய மருத்துவ நெறி அந்த இரண்டு புட்டிகளுக்குள் இருந்திருக்கிறது.

அந்த இலைகளைச் சோதித்தவர்களில் ஒருவர் டேவிட் ஹூப்பர். முன்பு உதகமண்டலத்தில் சென்னை மாகாண அரசின் குயினைன் வேதியியலாளராக இருந்தவர். இந்திய மூலிகைகளைப் பற்றிய பெருநூலான ‘பார்மகோகிராஃபியா இண்டிகா’வின் மூன்று ஆசிரியர்களில் ஒருவர். கெத்தும் இலையிலிருந்து முக்கிய ஆல்கலாய்டை 1907இல் முதலில் பிரித்தவராகவும் அவரையே குறிப்பிடுகிறார்கள். 1921இல் எலன் ஃபீல்ட் அதை மறுபடி பிரித்து மித்ராகைனின் என்று பெயர் வைத்தார். சின்கோனாவில் பழகிய கை அதன் உறவுக்கார இலையைத் தொட்டதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

*

பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் இருக்கிறது. கெத்தும் குடிப்பவர்களை நேரில் போய்ப் பார்த்து, உட்கார்ந்து பேசி, அறிவியலாக எழுதியதில் உலகிலேயே முன்னணியில் உள்ள இடம் அது. அங்கே அந்த வேலையை முன்னெடுத்தவர்களில் பாலசிங்கம் விக்னசிங்கம், சுரேஷ் நாராயணன், தர்ஷன் சிங் ஆகியோர் முக்கியமானவர்கள்.

குடிக்கும் முறை எளிது. பச்சை இலையைப் பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் கொதிக்கவிடுகிறார்கள். பழுப்பாக இறங்கிய சாற்றை வடிகட்டி ஆறவைத்து, சின்னப் பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டு விற்கிறார்கள். கசப்பு தாங்காமல் சர்க்கரையோ குளிர்பானமோ சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. ஆரம்பத்தில் இது போதைக்கான சரக்காக இருக்கவில்லை. வெயிலில் மீன்பிடிப்பவர்களும் வயலில் குனிந்து நிற்பவர்களும் உடல்வலி தெரியாமல் வேலை பார்ப்பதற்கு மென்ற இலை. பிறகுதான் ஹெராயினை விட நினைத்தவர்கள் இதைத் தேடி வந்தார்கள்.

2010இல் விக்னசிங்கமும் நாராயணனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு வடமாநிலங்களில் கெத்தும் குடிக்கும் 136 பேரைப் பற்றியது. சராசரி வயது 38.7. ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்று கிளாஸ். அவர்களில் 104 பேருக்கு முன்பே வேறு போதைப்பழக்கம் இருந்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் 62 பேர் அப்போதும் வேறு போதைப்பொருள் எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஏன் குடிக்கிறீர்கள் என்றால், விலை உயர்ந்த போதைப்பொருளைக் குறைக்க, வித்ட்ராயலைச் சமாளிக்க, ஹெராயினைவிட மலிவு என்பதால், என்று பதில் வந்தது. இன்னொன்றும் வெளிப்பட்டது. கெத்தும் குடிப்பவரை யாரும் போதை அடிமை என்று முத்திரை குத்துவதில்லை. யாரிடமும் போய் நிற்காமல், எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாமல், தானே தன்னைக் கவனித்துக்கொள்ளலாம்.

இந்த 136 பேரின் பதில்களை இரண்டு விதமாக வாசிக்கலாம். இலை வேலை செய்கிறது என்று வாசிக்கலாம். மருத்துவமனைக்குப் போக வெட்கமும் பயமும் இருக்கிற ஊரில் மனிதர்கள் கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றும் வாசிக்கலாம். இரண்டுமே சரி. இரண்டாவதுதான் அதிக முக்கியம் என்பது என் கருத்து.

முதல் வாசிப்புக்கு வேதியியலில் ஆதாரம் உண்டு. மித்ராகைனின், மார்ஃபின் உட்காரும் அதே மியூ ஏற்பியில்தான் போய் உட்காருகிறது. ஆனால் அதை முழுதாகத் தூண்டுவதில்லை. அளவைக் கூட்டினாலும் தூண்டுதல் ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது. இதைப் பகுதித் தூண்டி என்பார்கள். ஈரலில் மித்ராகைனினின் ஒரு பங்கு 7-ஹைட்ராக்சிமித்ராகைனினாக மாறுகிறது. அது மித்ராகைனினைவிடப் பல மடங்கு வலுவானது. இவை தவிர, நார்அட்ரினலினை அடக்கும் ஆல்பா-2 ஏற்பிகளையும் இந்த இலையின் சரக்கு தொடுகிறது. வித்ட்ராயலுக்கு மருத்துவர்கள் கொடுக்கும் குளோனிடின் மாத்திரை வேலை செய்வதும் அந்த ஏற்பிகளின் வழியாகவே. ஆக, பினாங்கு மீனவரின் அனுபவம் வெறும் நம்பிக்கை இல்லை. 2020இல் விக்னசிங்கத்தின் குழு, கெத்தும் பழக்கமுள்ள 26 ஆண்களிடம் செய்த ஒரு சோதனையை வெளியிட்டது. ஐஸ் தண்ணீருக்குள் கையை எவ்வளவு நேரம் வைத்திருக்க முடிகிறது என்று அளந்தார்கள். கெத்தும் குடிப்பதற்கு முன் சராசரி 11.2 வினாடி. குடித்து ஒரு மணி நேரம் கழித்து 24.9 வினாடி. எது கெத்தும், எது போலி என்று குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. வலியைத் தாங்கும் சக்தி கூடுவது இப்படி நிரூபணமானது.

மியூ ஏற்பியில் உட்காரும் எதற்கும் ஒரு விலை உண்டு. தொடர்ந்து கெத்தும் குடிக்கும் 293 பேரைப் பற்றிய ஆய்வைத் தர்ஷன் சிங்கும் குழுவினரும் 2014இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழகியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கடுமையான சார்பு ஏற்பட்டிருந்தது. நிறுத்தினால் தசைப்பிடிப்பு, வலி, தூக்கமின்மை, கண்ணிலும் மூக்கிலும் நீர், வயிற்றுப்போக்கு. முன்பு சொன்ன பட்டியலின் மிதமான வடிவம்தான் இது. தாய்லாந்தில் வருஷக்கணக்கில் இலை மென்ற 30 பேரைப் பற்றி 1975இல் வெளிவந்த ஆய்வு உடல் மெலிவையும், மலச்சிக்கலையும், கன்னங்கள் கறுத்துப்போவதையும் குறிப்பிடுகிறது. சிலருக்கு மனப்பிறழ்வு வந்தது.

பினாங்கின் கெத்தும் சாறும் அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் விற்கும் கிரேட்டமும் ஒன்றல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே உலர்ந்த தூள், மாத்திரை உறை, செறிவூட்டிய சாறு, அண்மைக் காலத்தில் 7-ஹைட்ராக்சிமித்ராகைனினையே தனியாகச் செறிவாக்கிய மாத்திரை என்று எல்லாம் விற்கிறது. பச்சை இலையில் மிகச் சொற்பமாக இருக்கும் பொருளை இப்படி மொத்தமாக விழுங்குவது வேறு கதை. 2018இல் சால்மொனெல்லா கிருமி கலந்த கிரேட்டத்தால் அங்கே 41 மாநிலங்களில் 199 பேர் நோயுற்றார்கள். சுவீடனில் ‘கிரிப்டன்’ என்ற பெயரில் விற்ற கிரேட்டம் தூளில் டிரமடால் என்ற வலி மருந்தின் வீரியமான வடிவத்தைக் கலந்திருந்தார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் 2016 ஜூலை முதல் 2017 டிசம்பர் வரை நிகழ்ந்த 27,338 அளவுமீறல் மரணங்களை அலசியபோது, 152 பேரின் உடலில் கிரேட்டம் இருந்தது. அவர்களில் 91 பேருக்கு அது மரணக் காரணங்களில் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. பெரும்பாலானவர்களின் உடலில் ஃபென்டனில் போன்ற வேறு போதைப்பொருள்களும் இருந்தன. கிரேட்டம் தனியாகக் கொல்வது அரிது, கூட்டு சேர்ந்தால் கொல்லும் என்பதே இதன் பொருள். மருந்துகளைச் செரிக்கும் சிவைபி2டி6 என்ற ஈரல் நொதியை மித்ராகைனின் தடுத்துவிடுகிறது. அந்த நொதியை நம்பியிருக்கும் மனநல மருந்துகளின் அளவு அப்போது ரத்தத்தில் கூடிவிடும். போதையிலிருந்து மீள நினைப்பவர்கள் பலரும் அத்தகைய மருந்துகளை ஏற்கெனவே சாப்பிடுபவர்கள்.

நாடுகளும் தடுமாறுகின்றன. தாய்லாந்து 1943இல் கிரேட்டத்தைத் தடை செய்து, 2021 ஆகஸ்டில் தடையை நீக்கியது. மலேசியா 2003இல் மித்ராகைனினை விஷப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அமெரிக்கா 2016இல் தடை செய்வதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அங்கேயும் சரி, இந்தியாவிலும் சரி, கிரேட்டம் எந்த நோய்க்கும் அனுமதிக்கப்பட்ட மருந்து இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. மித்ராகைனா பேரினத்தைச் சேர்ந்த மரம் நம் நாட்டிலும் உண்டு. மித்ராகைனா பார்விஃபோலியா என்ற அதையும் நம்மவர்கள் கடம்பு வகையாகவே அழைக்கிறார்கள். அதன் இலையில் உள்ள ஆல்கலாய்டுகள் வேறு வகை. அது கிரேட்டத்துக்கு மாற்றாகாது. உறவுக்கார மரம் என்று நம்பி யாரும் இலையைப் பறித்துக் காய்ச்ச வேண்டாம்.

*

கிரேட்டம் அரைகுறையாகச் செய்யும் வேலையை அளந்து, சோதித்து, ஒழுங்காகச் செய்யும் மருந்து இருக்கிறது. அதன் பெயர் புப்ரெனார்ஃபின். நாக்கின் அடியில் வைத்துக் கரையவிடும் மாத்திரை. இதுவும் மியூ ஏற்பியின் பகுதித் தூண்டிதான். ஆனால் ஏற்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும், நெடுநேரம் விடாது. ஒவ்வொரு மாத்திரையிலும் எத்தனை மில்லிகிராம் என்று தெரியும். ஹெராயினின் வேகம் குறைந்து கொட்டாவியும் சிலிர்ப்பும் தொடங்கிய பிறகே முதல் மாத்திரையைக் கொடுப்பார்கள். அவசரப்பட்டுக் கொடுத்தால் அது ஏற்பியிலிருந்து ஹெராயினைத் தள்ளிவிட்டு வித்ட்ராயலை ஒரேயடியாகக் கிளப்பிவிடும். அந்தப் பதினோரு அம்ச அளவுகோல் இதற்காகவும்தான்.

2003இல் சுவீடனிலிருந்து வெளியான ஓர் ஆய்வை, போதை மீட்பு பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹெராயின் பழக்கமுள்ள 40 பேர். பாதிப் பேருக்கு ஓராண்டு முழுக்கப் புப்ரெனார்ஃபின். மறுபாதிக்கு ஆறு நாள் மட்டும் கொடுத்துக் குறைத்து நிறுத்திவிட்டு, அப்புறம் வெற்று மாத்திரை. ஆலோசனையும் சந்திப்புகளும் இரு பிரிவினருக்கும் ஒன்றுபோலவே. ஓராண்டு முடிவில் முதல் பிரிவில் 75 விழுக்காட்டினர் சிகிச்சையில் தொடர்ந்தார்கள். இரண்டாம் பிரிவில் ஒருவர்கூட இல்லை. அந்த 20 பேரில் நான்கு பேர் இறந்துவிட்டிருந்தார்கள். கிரேட்டத்துக்கு இப்படிப்பட்ட ஆய்வு எதுவும் கிடையாது.

வித்ட்ராயலைத் தாண்டுவதோடு வேலை முடிவதில்லை என்பதை அந்த நான்கு மரணங்கள் சொல்கின்றன. பத்து நாள் பட்டினி போட்டாற்போல் போதையிலிருந்து விலகிய உடல் தன் தாங்குதிறனை இழந்துவிடுகிறது. பழைய நினைப்பில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். பிள்ளையை எங்கோ ஓர் அறையில் பூட்டிவைத்து, கட்டிவைத்து, சில வாரம் கழித்து ‘திருந்திவிட்டான்’ என்று வீட்டுக்கு அனுப்பும் மையங்களைப் பார்த்து நான் பயப்படுவது இதனால்தான். வீடு திரும்பிய முதல் சில வாரங்களே மிக ஆபத்தானவை.

நம் பக்கத்தில் இந்தச் சிகிச்சைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சென்னையில் பிரௌன் சுகர் என்ற கலப்பட ஹெராயின் பரவிய 1980களில், சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை குடியையும் போதையையும் நோயாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. 1990களில் சென்னையில் புப்ரெனார்ஃபினையே ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். மருந்து ஒன்றுதான், நாக்கடியில் மேற்பார்வையோடு கரைந்தால் சிகிச்சை, பகிர்ந்த ஊசியில் ஏறினால் எச்.ஐ.வி. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2007 முதல் இந்த மாற்று மருந்துச் சிகிச்சையைத் தன் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் ஓபியாய்டு எனப்படும் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துபவர்கள் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர். அவர்களில் 77 லட்சம் பேருக்கு உதவி தேவை.

தமிழ்நாட்டில் இன்று கவலை தருவது ஹெராயினைவிட மாத்திரைகள். டேபெண்டடால் போன்ற வலி மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றும் இளைஞர்களைப் பற்றி அடிக்கடி செய்தி வருகிறது. கரையாத துகள் ரத்தக்குழாயை அடைக்கும், கை புண்ணாகும், அழுகும். டிரமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. டேபெண்டடாலும் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துதான்.

இந்த இடத்தில் காஞ்சிபுரத்து நெசவாளரையும் நினைத்துக்கொள்கிறேன். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, நாளெல்லாம் குனிந்து, இரண்டு கையும் இரண்டு காலும் ஓயாமல் வேலை செய்யும் உடம்புக்கு இடுப்பும் தோளும் முழங்காலும் வலிக்காமல் இருக்காது. கெத்தும் இலையை முதலில் மென்றவர்களும் இப்படி வலித்த உடம்புக்காரர்களே. வலிக்கு மாத்திரை வாங்குவது தவறில்லை. என்ன மாத்திரை என்று கேட்டு வாங்க வேண்டும். டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் ஆகியவை ஓபியாய்டு இல்லை. டிரமடாலும் டேபெண்டடாலும் ஓபியாய்டு. இவற்றை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் தொடரக் கூடாது. பல வாரம் சாப்பிட்டுவிட்டால் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

வீட்டில் யாராவது பவுடரிலோ மாத்திரையிலோ ஊசியிலோ சிக்கியிருந்தால் இலையைத் தேடி அலைய வேண்டாம். அடிக்க வேண்டாம், பூட்டிவைக்க வேண்டாம். தமிழ்நாடு அரசு 2025இல் அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. எந்த அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. போனவுடன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இங்கே புப்ரெனார்ஃபின் கிடைக்குமா? எத்தனை மாதம் தொடர்ந்து தருவீர்கள்?